12 நாளுக்கு இரண்டு கரண்டி விதை... ஒன்பது மாதம் வீட்டு மல்லித்தழை!

புரட்டாசி, ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பிடித்தால் போதும். சேலம், நாமக்கல் சந்தைகளில் மல்லித்தழைக் கட்டு இளைத்துவிடும், விலை மட்டும் கொழுத்துவிடும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து வண்டியேறி வரும் தழை மழையில் நனைந்து பாதி வழியிலேயே அழுகத் தொடங்கும். காய்கறி வாங்கினால் கொசுறாகக் கிடைத்த தழை, அந்த நாட்களில் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் சரக்காகிவிடும். இதே தழை, தை மாதத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும்.

'நாமே வீட்டில் போட்டால் என்ன?' என்று யோசித்து விதைத்துப் பார்த்தவர்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஏராளம். பாதியில் கைவிட்டவர்களும் ஏராளம். அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் மூன்றுதான். 'விதை முளைக்கவே இல்லை', 'முளைத்தது கருகிவிட்டது', 'சாண் உயரம் வருவதற்குள் பூத்துவிட்டது'. இந்த மூன்றுக்கும் காரணம் கைராசி அல்ல. விதை, எரு, பட்டம் ஆகிய மூன்றில் நடக்கும் தவறுகள்தான். அவற்றைத் திருத்திக்கொண்டு, மொத்தமாக ஒரே நாளில் விதைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து விதைத்தால், ஒரு குடும்பத்துக்கு வேண்டிய தழையை 40 சதுர அடி இடத்திலேயே எடுத்துவிடலாம். அது ஒரு சென்ட் நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வெயிலுக்கு ஆகாத பயிர்

மல்லிக்குப் பிடித்தது 20 முதல் 25 டிகிரி வெப்பம். பங்குனி, சித்திரையில் சேலம், நாமக்கல் சமவெளி வெயில் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். சூடு ஏறினாலும், தண்ணீர் தட்டினாலும், இடநெருக்கடி வந்தாலும், 'இனி தாங்காது' என்று செடி அவசர அவசரமாகப் பூத்து விதை வைக்கப் பார்க்கும். அகலமாக இருந்த இலை, சோம்பு இலை போல நூலாகப் பிரியும். தண்டு நடுவே உயர்ந்து நிற்கும். மணமும் மாறிவிடும். அந்த நிலைக்கு வந்த செடிக்கு எந்த உரம் கொடுத்தாலும் பழையபடி தழை வராது. ஆகவே பூப்பதைத் தடுக்க மருந்து தேடுவதைவிட, பூக்கும் முன்பே வெட்டி முடிக்கும்படி விதைப்பதே புத்திசாலித்தனம்.

பட்டம் வாரியாகப் பார்த்தால் நிலவரம் இதுதான்:

ஆனி, ஆடி: தென்மேற்குப் பருவக்காற்றும் மேகமூட்டமும் வெயிலைக் குறைக்கும். விதைக்கலாம். காற்றில் மண் சீக்கிரம் காயும் என்பதால் ஈரம் கவனிக்க வேண்டும்.

ஆவணி முதல் ஐப்பசி வரை: சேலம் பகுதிக்கு நல்ல மழை கிடைக்கும் காலம். மேட்டுப் பாத்தி இல்லாவிட்டால் நாற்று அழுகும். ஆனால், சந்தையில் விலை ஏறும் நேரமும் இதுதான். சிரமப்பட்டாலும் இந்த விதைப்பைத் தவறவிடக் கூடாது.

கார்த்திகை முதல் தை வரை: மல்லிக்கு ராஜபட்டம். ஒரு பாத்தியில் இரண்டு, மூன்று முறைகூட வெட்டலாம்.

மாசி: முதல் பாதியோடு விதைப்பை நிறுத்திக்கொள்வது நல்லது. பங்குனி வரை அறுவடை ஓடும்.

பங்குனி முதல் வைகாசி வரை: வெட்டவெளியில் மல்லி வேண்டாம். நிழல் இருந்தால் மட்டும் கொஞ்சமாக முயலலாம்.

தழைக்கு எந்த ரகம்?

மளிகைக்கடை மல்லியை விதைத்தால் முளைக்குமா என்பது எல்லோருக்கும் வரும் சந்தேகம். புதிய சரக்காக இருந்தால் முளைக்கும். ஆனால், கடைக்கு வரும் மல்லியில் பெரும்பகுதி ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் விதைக்காக, அதாவது தனியாவுக்காக விளைந்தது. எத்தனை நாள் கிடங்கில் கிடந்தது என்பதும் தெரியாது. முளைப்பு குறையலாம், முளைத்ததும் சீக்கிரம் பூவுக்குப் போகலாம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, கோ 3, கோ 4 என்று வரிசையாக மல்லி ரகங்களை வெளியிட்டுள்ளது. இவற்றில் கோ 4 குறுகிய நாள் ரகம், 65 முதல் 70 நாளில் விதைக்கே வந்துவிடும். தழையும் விதையும் இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு கோ 2, கோ 3 பொருந்தும். தழை மட்டும் போதும் என்றால், பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா இஷா ரகத்தைத் தேடலாம். அகன்ற இலை, தாமதமான பூ, பலமுறை வெட்டும் வசதி ஆகியவை அதன் சிறப்பு.

கடையில் பொட்டல விதை வாங்கும்போது நிறம் பார்க்க வேண்டும். சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் ஏறியிருந்தால், அது பூஞ்சணக்கொல்லி கலந்த விதை. அதை வெறும் கையால் தேய்க்கக் கூடாது. மீந்த விதையைச் சமையலுக்கோ கோழித் தீவனத்துக்கோ சேர்க்கவும் கூடாது.

உடைத்து, ஊறவைத்து...

மல்லி விதை என்று சொல்லும் அந்த உருண்டை உண்மையில் ஒரு காய். அதற்குள் இரண்டு விதைகள் முகம் பார்த்து ஒட்டிக்கொண்டிருக்கும். முழுதாகப் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்கத் தாமதமாகும். முளைத்தாலும் இரண்டு நாற்றுகள் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு வரும்.

விதையை முறத்தில் பரப்பி, மரக்கட்டையாலோ செங்கல் துண்டாலோ லேசாகத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும். அழுத்தித் தேய்த்தால் பருப்பு நொறுங்கிவிடும். பிளந்த விதையை இரவு முழுவதும், சுமார் 12 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, நிழலில் ஈரம் உலர்த்தி விதைக்கலாம். வழக்கமாக 8 முதல் 15 நாள் ஆகும் முளைப்பு, இப்படிச் செய்யும்போது முன்கூட்டியே வந்துவிடும்.

பழைய விதையாக இருந்தால் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. பிளந்த விதையில் 20 எண்ணி எடுத்து, ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். துணி காயாமல் பார்த்துக்கொண்டால் பத்து நாளில் விடை தெரியும். 14-க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. பத்துக்கும் குறைந்தால் வேறு விதை பார்ப்பதே மேல்.

செம்மண் இறுகும், கோழி எரு சுடும்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பல தோட்டங்கள் செம்மண். வடிகால் நன்றாக இருக்கும் என்பது இதன் நன்மை. ஆனால், மழையோ குடத்துத் தண்ணீரோ விழுந்து காய்ந்ததும் மேல்மண் ஓடு போல இறுகிவிடும். மல்லி முளை மெல்லியது, அந்த ஓட்டை முட்டித் திறக்கும் பலம் அதற்கு இல்லை. 'விதை முளைக்கவில்லை' என்று சொல்லும் பலர் மண்ணைக் கிளறிப் பார்த்தால், முளை உள்ளேயே மடங்கிக் கிடப்பதைக் காணலாம். அதனால் விதைத்தபின் மண்ணைப் போட்டு மூடாமல், சலித்த மட்கிய தொழுவுரத்தாலோ மட்கிய தென்னை நார்க்கழிவாலோ அரை அங்குலம் மூட வேண்டும். அதன்மேல் வைக்கோலை மெல்லியதாகப் பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். முளை தெரிந்த அன்று மாலையே வைக்கோலை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது எரு. முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன நாமக்கல்லில் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. தழைச்சத்து நிறைந்த எரு அது என்பதில் சந்தேகமும் இல்லை. ஆனால், பண்ணையிலிருந்து அள்ளிய பச்சை எருவை மல்லிப் பாத்தியில் போட்டால், அதிலிருந்து கிளம்பும் அமோனியாவும் உப்பும் இளம் வேரைப் பொசுக்கிவிடும். 'முளைத்தது கருகிவிட்டது' என்பதற்கு முதல் காரணம் இதுதான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கோழி எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். மல்லித்தழையோ சட்னியிலும் ரசத்தின் மேலும் பச்சையாகவே சேர்வது. குழந்தைகள் சாப்பிடும் தழைக்குப் பச்சைக் கோழி எரு வேண்டவே வேண்டாம்.

கோழி எருவைத் தென்னை நார்க்கழிவு, காய்ந்த இலைச் சருகு ஆகியவற்றோடு அடுக்கி, ஈரம் காட்டி, இடையிடையே புரட்டிவிட்டு, குறைந்தது மூன்று மாதம் மட்க விட வேண்டும். நெடி போய், கையில் அள்ளினால் மண் வாசம் வர வேண்டும். அந்தப் பக்குவம் வந்த எருவையும் அடியுரமாக மட்டுமே, தொழுவுரத்தோடு கலந்து போட வேண்டும். வளர்ந்த தழையின் மேல் தூவக் கூடாது. வாடல் நோய் வந்த இடமாக இருந்தால், அடியுரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து, ஈரமாக ஒரு வாரம் நிழலில் மூடி வைத்துப் போடலாம்.

நாலு பங்குப் பாத்தி

நாலு அடி அகலம், பத்து அடி நீளத்தில் ஒரு மேட்டுப் பாத்தி. நாலு அடிக்கு மேல் அகலம் வேண்டாம். அப்போதுதான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பாத்தியை மிதிக்காமல் நடுவரை கை எட்டும். இந்தப் பாத்தியை இரண்டரை அடிக்கு ஒன்றாக நாலு பங்கு பிரிக்க வேண்டும். ஒரு பங்கு பத்து சதுர அடி.

முதல் நாள் முதல் பங்கில் மட்டும் விதைப்பு. பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாம் பங்கு, பிறகு மூன்று, நான்கு. ஒரு பங்குக்கு 10 கிராம் விதை போதும். மேசைக்கரண்டியில் இரண்டு கரண்டி. அரை அடி இடைவெளியில் கோடு கிழித்து, கோட்டில் சீராகத் தூவ வேண்டும். அள்ளி வீசினால் ஒரு பக்கம் அடர்ந்து மஞ்சளாகும், மறுபக்கம் வெறுமையாகக் கிடக்கும்.

நாலாவது பங்கு விதைத்த சில நாட்களில், அதாவது 36 முதல் 40-வது நாளில், முதல் பங்கு வெட்டுக்கு வந்துவிடும். அதைப் பன்னிரண்டு நாள் வரை வைத்துப் பறித்து முடித்ததும், கொத்திவிட்டு எரு போட்டு மறுபடி விதைக்கலாம். அதற்குள் இரண்டாம் பங்கு தயாராகியிருக்கும்.

தழை எவ்வளவு கிடைக்கும்? வயலில் மல்லித்தழை ஹெக்டேருக்கு 6 முதல் 7 டன் மகசூல் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. அதன்படி ஒரு சதுர மீட்டருக்கு 600 முதல் 700 கிராம். பத்து சதுர அடி என்பது ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்தான். ஆக, ஒரு பங்கில் அரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். பன்னிரண்டு நாளுக்குப் பிரித்தால், தினமும் 45 முதல் 50 கிராம். ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு ரசத்துக்கும் குழம்புக்கும் போதும், வாரம் ஒருநாள் துவையலுக்கும் மிச்சம் பிடிக்கலாம்.

தண்ணீரும் வெட்டும்

முளைக்கும் வரை மேல்மண் காயக் கூடாது. அதன்பிறகு காலை வேளையில் தண்ணீர் விட்டால் போதும். மாலையில் தழையை நனைத்தால் இரவெல்லாம் ஈரம் நின்று நோய்க்கு வழிவிடும். சில ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும். இலை ஓரம் கருகினால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். மழைநீர் சேமிப்பு இருந்தால், முளைக்கும் பத்து நாளுக்காவது அதைப் பயன்படுத்தலாம்.

கார்த்திகை, மார்கழி விதைப்பில் தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, வெளி இலைகளை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டினால், நடுக்குருத்து மறுபடி தழைக்கும். வெயில் ஏறும் மாசிக்குப் பிறகு இது வேண்டாம். வேரோடு பிடுங்கிவிடுவதுதான் லாபம், விட்டுவைத்தால் பூக்கும்.

பூச்சிக்கு முன்னால் கை போகட்டும்

மல்லித்தழை 40 நாள் பயிர். பூச்சிக்கொல்லி தெளித்தால், அதன் நஞ்சு குறையக் காத்திருக்க நாள் கிடையாது. வீட்டுத் தோட்டத்தில் போடுவதன் முக்கியப் பலனே நஞ்சில்லாத தழைதான் என்பதால், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அசுவினி இலையடியில் கூட்டமாக ஒட்டினால், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிரும். மீறினால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்து, ஒரு வாரம் கழித்துப் பறிக்கலாம். பனி இறங்கும் மார்கழி, தையில் இலைமேல் மாவு தூவியது போலச் சாம்பல் நோய் வரும். நெருக்கமான செடிகளைப் பிடுங்கிக் காற்றோட்டம் கொடுப்பதும், தாக்கிய பங்கை உடனே வெட்டி முடிப்பதும் போதும். நின்ற நிலையில் செடி வாடிச் சாய்ந்தால் அது வாடல் நோய். அந்தச் செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்தி, அந்தப் பங்கில் அடுத்த முறை தண்டுக்கீரையோ வெந்தயக்கீரையோ போட வேண்டும்.

முந்திப் பூத்த செடியில் விதை எடுக்காதீர்கள்

வீட்டு விதை சேர்ப்பவர்கள் அறியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. தழைக்கு உதவாது என்று, முதலில் பூத்த செடிகளை விதைக்கு விட்டுவிடுவார்கள். சீக்கிரம் பூக்கும் குணம் அந்த விதையோடு அடுத்த தலைமுறைக்கும் வரும். நாலைந்து வருடம் இப்படிச் செய்தால், தழை வைக்காமல் பூக்க மட்டும் தெரிந்த மல்லிதான் கையில் மிஞ்சும்.

செய்ய வேண்டியது நேர்மாறானது. கார்த்திகையில் விதைத்த பங்கில் முந்திப் பூப்பவற்றையெல்லாம் பிடுங்கிவிட்டு, அகன்ற இலையோடு கடைசிவரை தழைத்து, தாமதமாகப் பூக்கும் பத்துப் பதினைந்து செடிகளை மட்டும் விதைக்கு நிறுத்த வேண்டும். மல்லியில் தேனீக்கள் மகரந்தம் மாற்றும், அதனால் வேண்டாத செடியின் பூ பக்கத்தில் இருக்கக் கூடாது. காய்கள் பச்சை மாறிப் பழுப்பேறும் தருணத்தில் அறுத்து, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் அடுத்த ஆனிக்கு விதை தயார்.

கூடுதல் தழைக்கு உழவர் சந்தை

வீட்டுக்குப் போக விற்கவும் நினைப்பவர்கள், மஞ்சள், மரவள்ளி நட்ட புதிதில் வரிசைக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் பார்க்கலாம். முதல் இரண்டு மாதம் அந்த இடம் சும்மாதான் கிடக்கும். மல்லியும் சின்ன வெங்காயமும் அங்கே ஊடுபயிராக ஒரு சுற்று வந்துவிடும். களைக்கொல்லி அடித்த வயலாக மட்டும் இருக்கக் கூடாது.

1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில், சேலத்தில் சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி உள்ளிட்ட இடங்களிலும் நாமக்கல்லிலும் சந்தைகள் நடக்கின்றன. விவசாயி அடையாள அட்டை இருந்தால், தரகு இல்லாமல் நேரடியாக விற்கலாம். தை மாத மலிவில் மாட்டிக்கொள்ளாமல், புரட்டாசி, ஐப்பசியில் வெட்டுக்கு வரும்படி விதைப்பதில்தான் காசு இருக்கிறது. அதற்கு ஆவணியிலேயே மேட்டுப் பாத்தியும் வடிகாலும் தயாராக வேண்டும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

குளிக்கும் தண்ணீரை மல்லிக்கு விடலாமா?

வேண்டாம். சோப்பு, ஷாம்பூ கலந்த தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடுங்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை மல்லியின் வேர்ப்பக்கம் விடலாம்.

இலை மஞ்சளாகிறது. என்ன குறை?

எந்த இலை என்று பாருங்கள். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, மண்புழு உரம் இட்டால் தேறும். நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு, சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு கரைத்து இளஞ்செடியில் தெளிக்கலாம். எல்லா இலையும் வெளிறினால், பாத்தியில் தண்ணீர் தேங்குகிறதா என்று கவனியுங்கள்.

நாற்று விட்டு நடலாமா?

மல்லிக்கு ஆணிவேர். பிடுங்கி நட்டால் வேர் காயம்பட்டு வாடும், தேறினாலும் சீக்கிரம் பூக்கும். நேரடி விதைப்புதான் சரி.

மாடியில் வருமா?

வரும். முக்கால் அடி ஆழமுள்ள பை அல்லது தொட்டி போதும். மண், மட்கிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு. மாடித்தளம் சூடேறும் என்பதால், தரைக்குச் சொன்னதைவிட முன்பே, தையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோடையில் என்னதான் செய்வது?

முருங்கை நிழலிலோ பாகல் பந்தலுக்கு அடியிலோ 50 சதவிகித நிழல்வலைக்குள்ளோ கொஞ்சமாக விதைத்து, 25, 30 நாளிலேயே இளம் தழையாகப் பிடுங்கிவிடுங்கள். இன்னொரு வழி, கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் உள்ள ஆப்பிரிக்க மல்லி. நீண்ட, ஓரம் பல் பல்லாக உள்ள இலை. பெயரில்தான் ஆப்பிரிக்கா, பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. மல்லி மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நிழலும் ஈரமும் இருந்தால் கோடையிலும் நிற்கும்.

மண், தண்ணீர் பரிசோதனைக்கு எங்கே போவது?

சேலம் மாவட்டத்தினர் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், நாமக்கல் மாவட்டத்தினர் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் கேளுங்கள். விதை, மானியம் பற்றிய விவரங்களுக்கு அந்தந்த வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம்.